கால்வாயில் சல்வீனியா நடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பின் கால்வாய்களையும் சதுப்பு நிலங்களையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெக்கோ இயந்திரம் வந்து சல்வீனியா என்னும் நீர்க்களையை அள்ளிக் கரையில் குவித்துவிட்டுப் போனால், கால்வாய் துப்புரவாகிவிட்டது என்று உங்கள் கோப்பில் எழுதிக்கொள்கிறீர்கள். வெள்ளவத்தையில் கால்வாயோரம் குடியிருக்கும் எங்கள் கண்ணுக்கு அது புதிய நடுகையாகவே தெரிகிறது.

சல்வீனியா பூக்காது, காய்க்காது. அது நீரில் மிதக்கும் ஒரு பன்னம், அதாவது விதையில்லாமல் வித்திகளால் பெருகும் செடி வகை. அதிலும் மலட்டுக் கலப்பினம், வித்திகள் உண்டானாலும் முளைப்பதில்லை. ஒடிந்து ஒடிந்துதான் பெருகுகிறது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு மேலே மிதக்கும்; மூன்றாவது நீருக்குள் நார்நாராகத் தொங்கி வேர் போல ஏமாற்றும். உண்மையில் அதற்கு வேரே கிடையாது. ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மேற்புறம் முழுவதும் முட்டை அடிக்கும் கம்பியைப் போல நுனி கூடிய நுண்மயிர்கள். அவற்றினிடையே காற்று தங்குவதால் நீர் ஒட்டாது. அமுக்கினாலும் மேலே வந்துவிடும். கணுவில் மொட்டு ஒன்று தப்பினால் போதும். வெப்பமும் ஊட்டமும் வாய்த்த நீரில் இரண்டு மூன்று நாட்களில் இரட்டிப்பாகிவிடும். ஊட்டத்துக்கோ இங்கே குறைவில்லை. எத்தனை வீடுகளின், கடைகளின் கழிவுநீர் இந்தக் கால்வாயில் விழுகிறது என்பது நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

இப்போது அந்த இரும்புப் பற்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி மேலே போகும்போது அறுந்த துண்டுகள் நீரோடு கீழே போகின்றன. கரையில் கிடக்கும் குவியலின் பாதியை அடுத்த மழை திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இந்தச் செடி கொழும்புக்குப் புதியதும் அல்ல. தென்கிழக்கு பிரேசிலைச் சேர்ந்த இது இலங்கைக்குள் நுழைந்த வாசலே இந்த நகரம்தான்: 1939இல், பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக. அதற்கு முன்பே, 1909இல், இன்னொரு மிதக்கும் களையான ஆற்றுவாழைக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றிய நாடு இது. சட்டத்துக்கு ஆற்றுவாழை பயந்ததா என்பதைத் தியவன்னா ஓயாப் பக்கம் போனால் பார்க்கலாம்.

சல்வீனியாவை வென்ற ஒன்று இருக்கிறது. சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கறுப்புக் கூன்வண்டு. வளர்ந்த வண்டு மொட்டைத் தின்கிறது, புழு தண்டைக் குடைகிறது. நீண்ட காலம் இச்செடியை வேறோர் இனமென்று எண்ணியதால் அதன் எதிரியையும் தவறான இடத்தில் தேடினார்கள். 1972இல்தான் இச்செடி தனி இனமாக விவரிக்கப்பட்டது. 1978இல் பிரேசிலில் அதன் தாயகம் தெரியவந்த பிறகே சரியான வண்டு கைக்குக் கிடைத்தது. 1980களில் இலங்கையிலும் அதை விட்டார்கள். பல நீர்நிலைகளில் சல்வீனியா பழுப்பேறி மூழ்கியது. நீங்கள் ஒரேயடியாக அள்ளும்போது செடியோடு வண்டும் வெயிலில் காய்கிறது. தப்பிய துண்டுகள் எதிரியில்லாத நீரில் தழைக்கின்றன.

'டெங்கு ஒழிப்பு' என்று ஒரு பதாகையும் கட்டுகிறீர்கள். டெங்கு நுளம்பு தேடுவது பூச்சாடித் தட்டையும் பழைய டயரையும். மிதக்கும் செடிகளின் நீருக்கடியிலான பாகங்களைத் துளைத்துக் காற்றெடுப்பது மன்சோனியா நுளம்பின் புழு. அது பரப்பக்கூடியது யானைக்கால் நோய். பதாகையை மாற்றுங்கள்.

கேட்பது பெரிதல்ல. அள்ளும் இடத்துக்குக் கீழே வலை கட்டுங்கள். குவியலை அன்றே ஏற்றிச் செல்லுங்கள். வாளியைக் கழுவாமல் அடுத்த கால்வாய்க்குக் கொண்டு போகாதீர்கள். வண்டிருக்கும் செடியை ஒரு மூலையில் வேலியிட்டு விட்டுவையுங்கள்; ரசாயனத்தை அங்கே தெளிக்க வேண்டாம். 2018இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற கொழும்புக்கு இது அதிகச் செலவாகாது.

இயந்திரம் அடுத்த முறை வரும் திகதியை முன்கூட்டியே அறிவியுங்கள். வலை பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைக் கால்வாயோரக் குடியிருப்பாளர் ஒருவர்