எங்கட மதாமுக்காக ஓடித்திரிஞ்ச எல்லாருக்கும்

வணக்கம். எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பிச்ச மதாம் போய் நேற்றோட 31 நாள். எங்கட ஆக்கள் செத்தா அந்தியேட்டி முடிய நன்றி நவிலல் போடுறது வழக்கம், மதாம் எங்கட ஆள் இல்லை, ஹெயிட்டியில பிறந்தவ, கத்தோலிக்கம், ஆனா அவவுக்கு இஞ்ச மொன்றியலில பிள்ளை குட்டி எண்டு ஒருத்தரும் இல்லை, அப்ப ஆர் போடுறது, அவவிட்டப் படிச்ச நாங்கள்தானே. பெயர் போடாதைங்கோ எண்டு கன பேர் சொன்னபடியா ஒருத்தற்ற பெயரும் போடேல்ல. அவையவைக்குத் தெரியும்.

முதல்ல, கடைசிப் பத்து நாளும் முறை வைச்சு ஆஸ்பத்திரியில இருந்த நாலு பேருக்கு. அதில ஒராள் ரொறன்ரோவில இருந்து 540 கிலோமீற்றர் ஸ்னோவுக்குள்ள ஓடி வந்தவர், வேலையில லீவு கேக்காமலே வெளிக்கிட்டிட்டார் எண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். இரவு வாற நேர்ஸ் அக்காவும் ஹெயிட்டி. பேச்சு நிண்டு மூண்டாம் நாள் அவ சேலைன் மாத்திக்கொண்டு தங்கட ஹெயிட்டிப் பாஷை க்ரெயோலில ஏதோ பாட்டு முணுமுணுக்க, மதாமின்ர சுட்டுவிரல் போர்வைக்கு மேல தாளம் போட்டது. நான் பார்த்தனான். அந்த அக்காவுக்கு என்ன நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல.

செத்தவீட்டுக்குச் சமைக்க வந்த சின்னப்பிள்ளையள் சிலபேர் "ஆர் இந்த மனிசி, ஏன் இவ்வளவு தமிழ் ஆக்கள்" எண்டு கேட்டவை, அவைக்காகக் கொஞ்சம் சொல்லுறன்.

மதாம் 1946இல ஜக்மெல் எண்ட இடத்தில பிறந்தவ, ஹெயிட்டியின்ர தெற்குக் கரையில கோப்பி ஏத்தின பழைய துறைமுகப் பட்டினம். தகப்பன் வாத்தியார். டுவாலியே எண்ட சர்வாதிகாரியின்ர ஆட்சி, தொந்தோன் மக்கூத் எண்டு அவற்ற ஆக்கள் இரவில வந்து ஆக்களை ஏத்திக்கொண்டு போற காலம், தகப்பனையும் அப்பிடித்தான் ஏத்தினவங்கள், வரேல்ல. (இதை அவ எங்கட அம்மாக்குச் சொன்ன அண்டைக்கு அம்மா ஒரு கேள்வியும் கேக்கேல்ல, எங்களுக்கு வெள்ளை வான் தெரியும்தானே.) 1969இல விசிற் விசாவில இஞ்ச வந்தா, அப்ப வந்து நிண்டுகொண்டே குடிவரவுக்குப் போடலாம், 1972 கடைசியில அந்தக் கதவைச் சாத்திப்போட்டாங்கள், பிந்தி வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஹெயிட்டி சனம் 1974இல நாடு கடத்தப் போறாங்கள் எண்டு பயந்து திரிஞ்சதுகள். அவவுக்கு முதல் வந்த கன ஹெயிட்டி வாத்திமார் நேர பள்ளிக்கூடங்களுக்குள்ள போனவை, கியூபெக்கில அப்ப படிப்பிக்க ஆள் காணாது. ஆனா இவவின்ர சேர்ட்டிபிக்கட் செல்லாது எண்டு ஒரு இடத்தில சொல்லிப்போட்டாங்கள். அப்ப என்ன, பகல் முழுக்க ஷாபனெல் றோட்டில தையல் பாக்டரியில ஜக்கெற்றுக்கு சிப் வைக்கிற வேலை, பின்னேரம் யூகாம் யூனிவர்சிற்றியில திரும்ப முதலில இருந்து ரீச்சர் படிப்பு. 1975இல வகுப்புக்குள்ள போனா, 2011இல வெளிய வந்தா.

1977இல 101 எண்ட சட்டம் வந்து குடியேறி வந்த ஆக்களின்ர பிள்ளையள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான் போகவேணும் எண்டாச்சு, பாஷை தெரியாத எங்களை மாதிரி ஆக்களுக்கு அக்கேய் வகுப்பு. நான் 1988 கார்த்திகையில ஒன்பது வயசில அந்த வகுப்பு வாசலில மூக்கு ஓடிக்கொண்டு நிண்டனான். எங்களுக்கு பிரெஞ்சில மேசை பொம்பிளை, சுவர் ஆம்பிளை எண்டது தலையில ஏறவே இல்லை. மேசை எப்பிடி பொம்பிளை எண்டு ஒருத்தன் கேட்டு அழுதேபோட்டான். மதாம் சிரிச்சுப்போட்டு, க்ரெயோலிலயும் அப்பிடி ஒண்டும் இல்லை, நானும் உங்களை மாதிரிப் பாடமாக்கினனான், அழாதையுங்கோ எண்டா. பிறகு கையை விரிச்சுக் காட்டினா. வீட்டுப் பாஷையைப் பள்ளிக்கூடத்தில கதைச்சதுக்கு சின்னனில அவவுக்கு அடி விழுந்த கை. அதால எங்கட வகுப்பில தமிழ் கதைச்சா பேச்சு இல்லை. பிரெஞ்சுச் சொல்லுக்குப் பக்கத்தில தமிழ்ச் சொல்லை எழுதுங்கோ எண்டு கொப்பியில நடுவில கோடு கீறித் தருவா, அடிமட்டம் வைக்காமல், ஆனா நேராத்தான் வரும். அந்தக் கொப்பி இப்பவும் என்னட்ட இருக்கு. நான் இண்டைக்குத் தமிழில எழுதுறன் எண்டா பாதிக் காரணம் அந்தக் கோடு.

"பிட்டி பிட்டி ஸ்வாசோ ஃபே நிச் லி" எண்டு ஒருநாள் போர்ட்டில எழுதினா, குருவி கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூடு கட்டும் எண்டு அவையின்ர பழமொழி, எங்கட காதில பிட்டு பிட்டு எண்டுதான் விழுந்தது, பின் வரிசை முழுக்க உருண்டு பிரண்டு சிரிப்பு. ஏன் எண்டு கேட்டா. அடுத்தநாள் என்ர அம்மா பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டி அனுப்பிவிட்டா. அதில இருந்துதான் இந்த உறவு. ஒவ்வொரு தை முதலாம் திகதியும் மதாம் வீட்டில பூசணிக்காய்ச் சூப்பு, சூப் ஜுமு, பிரெஞ்சுக்காரனுக்கு அடிமையா இருந்த காலத்தில சமைக்கிறதுதான் தங்கட வேலை, குடிக்க விடமாட்டாங்கள், 1804 தை 1இல விடுதலை எடுத்த கையோட எல்லாரும் குடிச்சவை எண்டு வருஷா வருஷம் அதே கதையை முதல்தரம் சொல்லுற மாதிரிச் சொல்லுவா.

2010 தை 12 ஹெயிட்டி நிலநடுக்கத்தில தங்கச்சியைப் பறிகுடுத்தா. என்ர அம்மா அதுக்கு முதல் வருஷம்தான் வன்னியில தம்பியை இழந்தவ. அம்மாக்கு பிரெஞ்சு வராது, மதாமுக்குத் தமிழ் வராது, ரெண்டு பேரும் சோபாவில கையைப் பிடிச்சுக்கொண்டு பின்னேரம் முழுக்க இருந்தவை. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன், ஆறிப்போச்சு, திரும்ப ஊத்தினன். அந்தக் கிழமை காசு சேர்த்துத் தந்த கடைக்கார அண்ணைமாருக்கு அப்ப நன்றி சொல்ல மறந்திட்டம், இப்ப சொல்லுறன், பதினஞ்சு வருஷம் பிந்திப்போச்சு, குறை நினைக்காதைங்கோ.

2017 ஆவணி, அமெரிக்க எல்லையால நடந்து வந்த ஹெயிட்டி சனத்தை ஒலிம்பிக் ஸ்டேடியத்தில கட்டில் போட்டு வைச்சிருக்க, 71 வயசில பஸ் ஏறிப் போய் படிவம் நிரப்பிக் குடுத்தவ. அதில ஒரு பெடியன் இப்ப டாக்ஸி ஓடுறான். செத்தவீட்டண்டு வயசாளியளை ஏத்தி இறக்கினது அவன்தான், ஒரு சதம் வாங்கேல்ல. தம்பி, மெசி அன்பில், கன நன்றி.

தேவாலயத்தில பாடின அம்மாமார், பூ தந்த ஆக்கள், பிரெஞ்சுக் கடிதமெல்லாம் எழுதித் தந்த தங்கச்சி, பேஸ்மென்ட்டை விட்டுத் தந்து பிறகு தாங்களே கூட்டித் துடைச்ச குடும்பம், எல்லாருக்கும் நன்றி. நேற்று 31க்கு பிட்டும் சூப்பும் சேர்த்து வைச்சம், பொருந்தாது எண்டு நினைச்சன், ஒண்டும் மிஞ்சேல்ல.

சூப்பு வைச்ச அந்தப் பெரிய கிடாரம் எங்கட வீட்டுக் கராஜில கிடக்கு. ஆற்ற எண்டு தெரியேல்ல, அடியில சிவப்பு பெயின்ற் அடிச்சிருக்கு. கழுவி வைச்சிருக்கிறன், சனிக்கிழமை வந்து எடுங்கோ.