தாத்தாவின் யாஷிகாவும் உன் போட்டிப் படமும்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய ஸ்கேன்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இத்தனை வருஷம் பீரோவுக்குள் கிடந்த தாத்தாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 ஃபிலிம் கேமரா, ஒளி கசியாமல் ஒரு முழு ரோலை எடுத்துக் கொடுத்ததே பெரிய விஷயம். “போட்டிக்கு எதை அனுப்பலாம் மாமா? ஃபிலிமில் எடுத்தது என்று தெரிந்தால் கூடுதல் மதிப்பு உண்டா?” என்று கேட்டிருந்தாய். உன்னைப் போலப் பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்தவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கிடையாது. நடுவர்கள் முன்னால் உன் படம் சில நொடிகள்தான் நிற்கும். எந்தக் கேமரா, என்ன ரோல், குளியலறையில் எத்தனை மணி வரை உட்கார்ந்து கழுவினாய் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஃபிலிமுக்கென்று தனிப் பிரிவு இருந்தால் சரி. இல்லையென்றால் போன மாதம் வாங்கிய டிஜிட்டல் கேமராக்களோடுதான் நீ மோத வேண்டும். ஃபிலிமில் இயல்பாகவே வரும் பொடிப் புள்ளிகளான கிரெய்னை, டிஜிட்டல் படத்தைக் கெடுக்கும் ‘நாய்ஸ்’ என்று நினைத்து ஒருவர் மார்க்கைக் குறைத்தாலும் குறைப்பார். குறைக்கட்டும்.

ஃபிலிமால் உனக்குக் கிடைக்கிற லாபம் வேறு. எடுத்ததை உன்னால் அழிக்க முடியாது. சொதப்பியதும் நெகட்டிவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ரோலின் படங்களெல்லாம் சின்னதாக ஒரே தாளில் வரும் உன் கான்டாக்ட் ஷீட்டையே எடுத்துக்கொள். நெல்லையப்பர் தேரை அடுத்தடுத்து எடுத்திருக்கிறாய். எல்லாம் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில். தேர் நகர்ந்திருக்கிறது, நீ நகரவில்லை. ஆச்சி முருங்கைக்காய் நறுக்கும் படங்களைப் பார். முதலில் வாசலில் நிற்கிறாய், அடுத்ததில் உள்ளே வந்துவிட்டாய், அதற்கடுத்ததில் தரையில் உட்கார்ந்துவிட்டாய். கடைசிப் படத்தில் ஆச்சியின் முகம்கூட முழுதாக இல்லை. கை, அரிவாள்மனை, ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான்.

நீ தேரை அனுப்ப நினைக்கிறாய். நான் அந்தக் கடைசிப் படத்தை அனுப்பச் சொல்வேன். தேர்ப் படங்களை நடுவர்கள் பார்த்துச் சலித்திருப்பார்கள், அது ஒரு காரணம். பெரிய காரணம், அரிவாள்மனையில் கத்தி அசையாது, காய்தான் அசையும். அதனால் உன் படத்தில் வெட்டு விளிம்பு துல்லியமாக நிற்கிறது, ஆச்சியின் விரல்கள் புகை மாதிரி கலைந்திருக்கின்றன. அதை எடுக்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும். இந்தக் கேமராவில் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை, நீ வைத்தால் ஷட்டர் வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். வேகம் 1/30 நொடிக்குக் கீழே போனால், அசைவது கலங்கும் என்று மஞ்சள் விளக்கைக் காட்டி எச்சரிக்கும். எச்சரிக்கைதானே தவிர, எடுக்காதே என்று அர்த்தமில்லை.

தேரில் பட்டது சிவப்பு விளக்கு, வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். 400 வேக ரோலை (எண் கூடக் கூட ஃபிலிம் ஒளியைச் சீக்கிரம் பிடிக்கும்) போட்டுக்கொண்டு பட்டப்பகலில் அப்பெர்ச்சரை எஃப் 8 வைத்தால், ஷட்டரின் உச்ச வேகமான 1/500 நொடி நம்ம ஊர் வெயிலுக்குப் போதாது. வெளியில் எடுக்க 100 வேக ரோல் வாங்கு.

வானம் வெள்ளையாகிவிட்டதென்று வருத்தப்பட்டாய். 1850களில் எல்லோருக்கும் அப்படித்தான் வந்தது. அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளிக்குத்தான் கூடுதலாக மசியும், அதனால் நீல வானம் வெள்ளையாகிவிடும். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி அதற்கு ஒரு வழி கண்டார்: நெகட்டிவ் மேலேயே மேகத்தை வரைந்துவிடுவார்! தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவரும் அவர்தான். அதற்கு முன்னால், 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சிக்கு 68 படங்களைக் கொடுத்தார். சிறந்த வரிசை என்று நடுவர் குழு அதைத் தேர்ந்தெடுத்தது. ஆக, நம்ம பக்கத்தில் போட்டோப் போட்டி அவ்வளவு பழசு.

இன்றைய இயற்கைப் பிரிவில் டிரைப்பின் மேகத்தைக் கொண்டுபோனால் வெளியே அனுப்பிவிடுவார்கள். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது அந்தப் பிரிவுக்குச் சர்வதேச சலூன்கள், அதாவது புகைப்படப் போட்டிகள், வைத்திருக்கும் விதி. ஆனால் அதே விதி தூசிப் புள்ளிகளையும் ஃபிலிம் கீறல்களையும் எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அதனால் ஸ்கேனில் தெரியும் முடியையும் தூசியையும் தைரியமாகச் சுத்தம் செய். ‘அசல் ஃபிலிம் லுக்’ என்று அதை விட்டுவைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அது சோம்பேறித்தனம்.

ஓரங்களில் திட்டுத்திட்டாக வந்திருப்பதற்குக் காரணம் உன் குழாய்த் தண்ணீராகத்தான் இருக்கும். எச்பி5 கறுப்பு வெள்ளை ரோலை டி-76 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் கழுவ 20 டிகிரியில் 7.5 நிமிடம். திருநெல்வேலியில் குழாயைத் திறந்தாலே 30 டிகிரி; அந்தச் சூட்டில் பாதி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் சீராக வராது. டெவலப்பரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள், நேரம் நீளும். பாட்டிலை ஐஸ் வாளியில் வை, ஐஸை டெவலப்பருக்குள் போடாதே. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரும் கழுவுகிற தண்ணீரும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கட்டும். தாத்தா காலத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல் கிடைத்தது. இப்போது ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டுச் சரக்கு, வீணாக்க மனசு வராது.

போட்டி விதிகளில் இரண்டு இடத்தை நிதானமாகப் படி. ஒன்று, படத்தின் உரிமை. அனுப்பும் படங்களையெல்லாம் எங்கள் விருப்பம்போலப் பயன்படுத்துவோம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதே. இன்னொன்று கட்டணம். காசு வாங்கிக்கொண்டு கலந்துகொள்ளும் எல்லோருக்கும் சான்றிதழ் தரும் போட்டிகள் பெருகிவிட்டன, அவற்றை ஜெயித்துத்தான் என்ன? படத்தின் மேல் பெயர் போடாதே. பெரும்பாலான இடங்களில் அதற்காகவே தள்ளிவிடுவார்கள்.

ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து கொடுத்த ஜேபெக் சின்னது, கூர்மையும் கூட்டியிருக்கிறார்கள். ஆச்சி படத்தின் நெகட்டிவை எனக்கு அனுப்பு, மேக்ரோ லென்ஸ் வைத்து எடுத்துத் தருகிறேன். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பிவிடாதே. ஆறு ஆறாக வெட்டி, பட்டர் பேப்பர் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்து கூரியரில் போடு. ஆச்சியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு, கையை ஊர் பார்க்கப் போகிறதே.

அன்புடன்,
மாமா