பச்சோந்தி சாயாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பற்றி எழுதியவர், கடற்படைத் தளபதி வில்லியம் பேட்டன் 1642-இலேயே அணி மாறினார் என்று சொல்லி, அவரைக் 'காற்றடித்த பக்கம் சாய்ந்த பச்சோந்தி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பச்சோந்தி நிறம்தான் மாறும், சாயாது. அதை விடுங்கள்.

பாராளுமன்றத்துக்காக 1642 முதல் கடலில் நின்ற மனிதர் அவர். பிரிட்லிங்டன் துறைமுகத்தில் வந்து இறங்கிய ராணி, அதாவது மன்னரின் மனைவி, தங்கியிருந்த இடத்தின் மேலேயே 1643 பிப்ரவரியில் குண்டு போட்டவர், அந்த அம்மாள் ஓடிப்போய்ப் பள்ளத்தில் படுத்துத்தான் தப்பித்தார். அப்படிப்பட்டவரை 1647-இல் விலகவைத்து அந்த இடத்தில் ராணுவ அதிகாரியான ரெய்ன்ஸ்பரோவைக் கொண்டுவந்தது அதே பாராளுமன்றத் தரப்புதான். மறு வருஷம் மே மாதம் மாலுமிகளே ரெய்ன்ஸ்பரோவைக் கப்பலில் ஏறவிடவில்லை. அதற்கு அப்புறம்தான் பேட்டன் 'கான்ஸ்டன்ட் வாரிக்' கப்பலோடு மன்னரின் மகன் இளவரசர் சார்ல்ஸிடம் போய் 'சர்' பட்டம் வாங்கினார். பெயரிலேயே 'மாறாத' என்று வைத்திருக்கும் கப்பலில் போய்க் கட்சி மாறியிருக்கிறார், இந்த வேடிக்கைகூடக் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை! அங்கேயும் ஒத்துவராமல் அந்த வருஷம் முடிவதற்குள் ஊர் திரும்பினார். மகான் என்று நான் சொல்லவில்லை.

நான் 22 வருஷம் ஒரே கம்பெனிக் கப்பல்களில் என்ஜின் அறையில் வெந்தவன். நிர்வாகம் மாறியதும், நான் வால்வு திறக்கச் சொல்லிக்கொடுத்த பையனை என் தலைக்கு மேல் உட்காரவைத்தார்கள். வேறு கம்பெனிக்குப் போனேன். வருகைப் பதிவேட்டில் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'ஓடிவிட்டார்' என்று எழுதியிருந்ததாக நண்பர் சொன்னார். ஓடினேனாம்!

அப்புறம், கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸின் நாட்குறிப்பில் பேட்டனைப் பற்றி இருக்கிறது என்று கட்டுரையில் ஆதாரம் வேறு. பெப்பிஸ் அவருக்கு ஆபீஸிலும் பக்கத்து ஆள், வீட்டிலும் பக்கத்து ஆள். 1666-இல் லண்டன் எரிந்தபோது பேட்டன் தன் ஒயினைப் புதைக்கத் தோட்டத்தில் குழி வெட்ட, அதே குழியில் தன் ஆபீஸ் காகிதங்களையும் போட்டுக்கொண்டவர்தான் இந்தப் பெப்பிஸ். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிவைத்ததை நம்பினால் எங்கள் தெருவில் ஒருவரும் தேறமாட்டோம்.

போன வருஷம் பாய்மரக் கப்பலுக்குப் புகைபோக்கி வைத்துப் படம் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. சரி, தங்களுக்கு ஆயிரம் வேலை.

பேட்டன் அணி மாறியது 1642 அல்ல, 1648. அதை மட்டுமாவது அடுத்த இதழில் ஓர் ஓரத்தில் திருத்திப் போடுங்கள். டிசம்பர் வரை சந்தா கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினியர்,
தூத்துக்குடி.