கலாவுக்கு, ரேடியேஷன் முடிகிற வேளையில்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மார்பகப் புற்றுநோய்க்கான ரேடியேஷன் இந்த வாரத்தோடு முடிகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தோல் எரிச்சலும் அசதியும் கூடிவிட்டுத்தான் இறங்கும். என்னிடம் இதை யாரும் சொல்லவில்லை, பயந்தே போனேன்.

எடுத்த மார்பகத்தைத் திரும்ப உருவாக்கும் சீரமைப்பு ஆபரேஷனுக்கு ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று கோபப்பட்டிருந்தாய். கோபம் நியாயம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. கதிர்வீச்சு அந்த இடத்துத் தோலையும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் சேர்த்தே பாதிக்கிறது. தோல் இறுகிவிடும், காயம் ஆற நாளாகும். அதற்கடியில் சிலிக்கோன் இம்பிளான்ட் (மார்பு வடிவத்துக்காக உள்ளே வைக்கும் பை) வைத்தால், அதைச் சுற்றி உடம்பே போட்டுக்கொள்ளும் உறை சுருங்கி, மார்பு கெட்டியாகிக் கோணிப்போகும் வாய்ப்பு அதிகம். வலியும் சேரும். அதனால்தான் பலருக்கும் 6 முதல் 12 மாதம் வரை ஆறவிட்டு, பிறகு சொந்தத் திசுவை வைத்துச் செய்கிறார்கள்.

எனக்குச் செய்தது அதுதான். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து, மார்புப் பக்கத்துக் குழாயோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைத்தார்கள். நல்ல ரத்த ஓட்டத்தோடு வருகிற திசு என்பதால் ரேடியேஷன் பட்ட இடத்திலும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பல மணி நேர ஆபரேஷன். இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தழும்பு. "வயிறும் குறைந்தது, லாபம்தானே" என்றவர்களை அடிக்கலாம் போலிருந்தது. உருவம் நன்றாக வந்திருக்கிறது, தொடு உணர்வுதான் பெரிதாகத் திரும்பவில்லை. இதை எல்லா டாக்டர்களும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நீயே கேள்.

"இந்த வயசில் எதற்கு" என்ற உன் நாத்தனாரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அதே நேரம், எதுவுமே செய்யாமல் அப்படியே விட்டுவிடலாமா என்று நீ எழுதியிருந்ததை நான் தள்ளவில்லை. பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தோடு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு, அதுவும் இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. முடிவெடுக்க உனக்கு நேரம் இருக்கிறது. வருஷங்கள் கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம்.

சர்ஜனைப் பார்க்கும்போது உன் சர்க்கரை அளவைச் சொல். புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் டமாக்ஸிஃபென் மாத்திரையைத் தொடங்கினால் அதையும் சொல். அந்த மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் ஆபரேஷனுக்கு முன் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லலாம், நீயாக நிறுத்தாதே. அப்புறம், தோள் பயிற்சியை விட்டால் கை தூக்க முடியாமல் போகும். டிரில் பீரியடில் ஓடி ஒளிந்தவள் நீ, அதனால் வாராவாரம் போன் செய்து கேட்பேன்.

அன்புடன்,
வசந்தி