பாதையில் நின்ற நானாவுக்கு

கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும், அதாவது 2009 ஒக்டோபர் வரைக்கும், கடலைக் கடக்கப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுதான். அதில் கயிறு இழுத்துக் கட்டுகிற ஒரு நானா (அண்ணன்) இருந்தார். பெயர் கேட்டதே இல்லை. நன்றி அவருக்குத்தான்.

நான் திருகோணமலை டவுனில், மத்திய வீதியில் ஒரு தையல் கடையில் வேலை. அவர் (இப்போது என் வீட்டுக்காரர்) கிண்ணியாப் பக்கம் ஆலங்கேணியில் மேசன் வேலைக்குக் கையாள். போன் வாங்க இரண்டு பேரிடமும் காசு இல்லை. கடிதம் நானா கையில்தான் வரும், போகும். செக்பொயிண்டில் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார்கள் என்று சாப்பாட்டுப் பார்சலின் வாழையிலைக்குள் வைப்பார். பாதிக் கடிதத்தில் மீன்குழம்பு மணக்கும். சில வரிகளை வாசிக்கவே முடியாது, நல்லதுதான், என் வீட்டுக்காரருடைய கையெழுத்தும் அப்படித்தான்.

2006 ஏப்ரல் 12, டவுன் மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. கடைகள் எரிந்தன. என் ஆள் அன்று டவுனுக்கு வந்தாரா இல்லையா, தெரியாது. நான் வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை. சில நாள் கழித்து நானா எங்கள் வாசலில். முஸ்லிம் ஆள், அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் வர அவருக்கும் பயமாக இருந்திருக்கும்.

“ஆள் சுகமா இருக்கிறான் தங்கச்சி. நீ சாப்பிடு.”

தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

பாலம் வந்தது, பாதை நின்றது, நானாவைக் காணவில்லை. கலியாணத்துக்குச் சொல்ல எங்கெங்கோ விசாரித்தோம். நானா, உங்கள் பங்குச் சாப்பாடு இன்னும் எங்கள் வீட்டில் பாக்கி.