பிரெஞ்சைத் தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கொடைக்கானலில் சுற்றுலா வழிகாட்டி. வட்டக்கானல், டால்பின் நோஸ், பூம்பாறை, மன்னவனூர் என்று பயணிகளை நடத்தியும் ஜீப்பில் ஏற்றியும் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் பிழைப்பு. பதினான்கு மாதமாகக் கைபேசியில் ஒரு செயலியை வைத்துப் பிரெஞ்சு படித்துக்கொண்டிருக்கிறேன். புதுச்சேரிக்கு வருகிற பிரெஞ்சுக்காரர்களில் சிலர் அங்கே வெயில் ஏறியதும் இங்கே வந்துவிடுவார்கள். 2018இல் குறிஞ்சி பூத்த சமயத்தில் அப்படி ஒரு குடும்பம் வந்தது. இது பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், பூத்து விதை போட்டதும் செடியே பட்டுப்போகும், அந்த விதையிலிருந்துதான் மறுபடி மலை நீலமாகும் என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை, ஆனால் வாய் வரவில்லை, கையைக் காட்டிக்கொண்டே நின்றேன். அடுத்த பூப்பு 2030. அதற்குள் பிரெஞ்சில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் ஆரம்பித்தேன்.

தினமும் காலையில் அரை மணி நேரம், முடிந்தவரை விடாமல். சொற்கள் நிறையத் தெரிந்தன, எழுத்தைப் பார்த்தால் வாசிக்க வந்தது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

போன சீசனில் வயதான பிரெஞ்சுத் தம்பதி வந்தார்கள், அவர்களுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. முதலில் சலேத் மாதா கோவிலுக்குக் கூட்டிப்போனேன். லா சலெத் என்பது அவர்கள் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் இருக்கிற ஒரு சிற்றூர், 1846இல் ஆடுமாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பப்படும் இடம், அந்தப் பெயர்தான் எங்கள் மலைக் கோவிலுக்கு வந்தது. இதைச் சொல்ல நான்கு வாக்கியங்கள் முந்தின இரவே தயார் செய்து வைத்திருந்தேன், சொன்னேன், அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அப்புறம் அவர் பள்ளத்தாக்கைக் காட்டி 'கெஸ்கிலியா லபா' என்று கேட்டார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்துவிட்டார். ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த ஓசையை வைத்துக்கொண்டு தேடிப் பார்த்தால், 'அங்கே என்ன இருக்கிறது' என்ற கேள்வி அது. அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். செயலியில் அவற்றைத் தனித்தனிக் கட்டங்களாக அடுக்கி நூறு தடவை சரி வாங்கியிருக்கிறேன், ஆனால் ஒரே மூச்சில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இதை எந்தப் பாடமும் முதலிலேயே சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். தமிழனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு நிமிடம் போதுமே! நாம் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுகிறோம், 'வந்துட்ருக்கேன்' என்று பேசுகிறோம். பிரெஞ்சும் அந்த மாதிரிதான், 'எனக்குத் தெரியாது' என்பதற்கு எழுத்தில் நான்கு சொல், பேச்சில் 'ஷேபா' என்று முடிந்துவிடும். எழுத்து வேறு பேச்சு வேறு என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த நமக்கு அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள், காரணம், நான் ஆரம்பித்தபோது பார்த்த செயலிகள் எதிலும் தமிழ் வழியாகப் பிரெஞ்சு படிக்க இடமில்லை, ஆங்கிலத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. நான் பத்தாவது வரை படித்தவன், என் ஆங்கிலமே பயணிகளிடம் காதால் கேட்டுக் கற்றது.

அந்த ஆங்கிலத்தால் வந்த வினை ஒன்றிரண்டு இல்லை. ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரு சொல்தான், பிரெஞ்சில் நீ, நீங்கள் இரண்டும் இருக்கிறது: 'த்யூ', 'வூ'. செயலி 'யூ' என்று கேட்கும், 'த்யூ' போட்டாலும் சரி என்று பச்சை காட்டும். அந்தப் பழக்கத்தில் எழுபது வயது அம்மாவை நான் நாள் முழுக்க 'நீ' என்று கூப்பிட்டிருக்கிறேன், அவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள், எனக்குத்தான் அதை நினைத்தால் இன்னும் மனசு சுருங்குகிறது. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசாது. 'நீ, நீங்கள்' என்று தமிழில் ஒரு வரி போட்டிருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும்.

இன்னொன்று, பிளம்ஸ். சாலையோரத்தில் பிளம்ஸ் வாங்கித் தந்தபோது அந்த அம்மா 'ப்ரூன்' என்றார். ஆங்கிலத்தில் 'ப்ரூன்' என்றால் உலர்ந்த பழம், அதனால் காய்ந்ததுதான் வேண்டுமாக்கும் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். பிரெஞ்சில் உலராத பழத்துக்கே அதுதான் பெயராம். 'ரெஸேன்' என்பதும் அப்படியே, அங்கே அது கொடித் திராட்சை, உலர்ந்த திராட்சை இல்லை.

ஐந்து தப்பு செய்தால் செயலி தந்த 'உயிர்' தீர்ந்துவிடும், மேலே படிக்க விளம்பரம் பார் அல்லது பணம் கட்டு என்கிற தொல்லையும் இருந்தது. மழையில் டவர் போய் மன்னவனூரில் மாட்டிக்கொண்ட ஒரு நாளில் என் 212 நாள் ஸ்ட்ரீக், அதாவது விடாமல் படித்த நாள் கணக்கு, அறுந்துபோனது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சிவப்பு மட்டும் காட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிரெஞ்சில் மலை பெண்பால், மரம் ஆண்பால். நாற்காலிக்கும் மேசைக்கும் அஃறிணை என்று ஒரே திணை வைத்திருக்கிற நமக்கு இது புதிது, யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டாமா?

கடைசியில் தெரிந்தவர் மூலமாகப் புதுச்சேரியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரிடம் போனில் பேசினேன், இருபது நிமிடம், முழுக்கத் தமிழில். பிரெஞ்சு 't' ஓசைக்கு நாக்கைப் பல்லில் வை, நம் 'த' மாதிரி, ஆங்கிலத்துக்குச் சொல்கிற 'ட' வேண்டாம் என்றார். 'வந்தேன்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி 'ன்' நாக்கில் முழுசாக விழாமல் மூக்கோடு நிற்கிறதே, அதுதான் பிரெஞ்சின் மூக்கொலி, உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றார். 'உ'வுக்குக் குவிக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு உள்ளே 'இ' சொல்லச் சொன்னார், பதினான்கு மாதம் வராத ஓசை வந்தது. போகிறேன், போகிறாய், போகிறோம் என்று நம் வினை ஆளுக்கு ஆள் மாறுகிற மாதிரியே அங்கேயும் மாறும். எனக்குப் பசி, எனக்கு நாற்பத்திரண்டு வயது என்று நாம் சொல்வதை அவர்கள் எனக்குப் பசி இருக்கிறது, எனக்கு நாற்பத்திரண்டு வருடம் இருக்கிறது என்று சொல்வார்கள். ஆங்கில வழியில் யோசித்து 'நான் நாற்பத்திரண்டு' என்று எழுதி எத்தனை தடவை சிவப்பு வாங்கினேன் தெரியுமா! போனை வைத்ததும் எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வந்தது.

தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் உறவு இன்று நேற்று வந்ததில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு 1736இலேயே தொடங்குகிறது. முசே, துய்ப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள் புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்–பிரெஞ்சு அகராதி அச்சிட்டார்கள். அந்தக் காலத்தில் முடிந்தது, கைபேசி காலத்தில் ஏன் முடியாது?

தமிழ் இணையக் கல்விக்கழகமும் புதுச்சேரி அரசும் சேர்ந்து, தமிழில் விளக்கி, பேச்சுப் பிரெஞ்சை உண்மையான ஆட்கள் குரலில் பதிவு செய்து, டவர் இல்லாத இடத்திலும் கேட்கிற மாதிரி இலவசப் பாடம் ஒன்று தர வேண்டும். அது வரும்வரை, உங்கள் நாளிதழிலேயே வாரம் ஒருநாள் கால் பக்கம் ஒதுக்கி, புதுச்சேரியில் இருக்கிற ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். எங்களைப் போன்ற கைடுகளுக்கும் டிரைவர்களுக்கும் என்னென்ன வாக்கியம் தேவைப்படும் என்று நான் எழுதித் தருகிறேன், பூம்பாறை மலைப் பூண்டுக்கு 'ஆய்' என்பதில் ஆரம்பித்து ஒரு நோட்டுப் பாதி எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சுற்றுலா வழிகாட்டி,
கொடைக்கானல்.