பெரியவன் யூனிஃபார்ம்ல இருக்கற பேட்ச் பத்தி

மாப்ள,

உன் மெயில் பாத்தேன், அன்னைக்கே பதில் போட்டிருக்கணும், ஆபீஸ்ல ஆடிட் நடக்குது அதான் லேட்டு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் மனசு ஆறுச்சு, ட்ராப்ஸ மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு.

என் பெரிய பையனோட யூனிஃபார்ம் போட்டோ பாத்துட்டு, தோள்ல அமெரிக்கக் கொடிய ஏன்டா திருப்பி ஒட்டிருக்காங்க, அந்த மஞ்சக் கலர் பேட்ச்ல, அதான் அந்தத் துணி அடையாளத்துல, குதிர எதுக்குன்னு கேட்டிருந்தல்ல. அவன் அமெரிக்க ஆர்மில சேந்ததுல இருந்து எனக்கு இதே வேலதான், உக்காந்து ஒவ்வொண்ணா தேடித் தேடிப் படிச்சிட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன் பொறுமையா படி.

கொடி திரும்பியெல்லாம் இல்ல. நட்சத்திரம் இருக்கற நீலக் கட்டம் எப்பவும் முன்பக்கம் பாத்துதான் இருக்கணும்னு ரூல். கொடியத் தூக்கிட்டு ஒருத்தன் முன்னால ஓடறான்னு வச்சுக்க, கம்பு முன்னால இருக்கும் துணி பின்னால பறக்கும், அந்தக் கணக்கு. கொடி வலது கையில இருக்கறதால நமக்கு மாத்தி வச்ச மாதிரி தெரியுது, வழக்கம்போல வச்சா பின்வாங்கற மாதிரி ஆயிடும்னு அதுக்கு அவ்ளோ கவனம்.

குதிர இடது தோள்ல இருக்கு. இடது தோள்னா இப்ப எந்த யூனிட்ல இருக்கான்னு அர்த்தம். அவன் இருக்கறது 1வது கேவல்ரி டிவிஷன், கேவல்ரின்னா குதிரைப்படை, டெக்சாஸ்ல எங்க ஊரு கில்லீன் பக்கத்துலயே ஃபோர்ட் ஹூட்ங்கற ராணுவ முகாம்ல. மஞ்சக் கேடயம், குறுக்க ஒரு கருப்புப் பட்டை, மூலையில குதிரத் தல. 1921ல இந்த டிவிஷன ஆரம்பிச்சப்ப டார்சின்னு ஒரு கர்னலோட மனைவி வரஞ்சதுன்னு சொல்றாங்க, பழைய கேவல்ரி மேலங்கியோட மஞ்ச உள்துணிய எடுத்துதான் மொதல்ல தச்சாங்களாம். அமெரிக்க ஆர்மியிலயே பெரிய பேட்ச் இதுதான், 5.25 இன்ச் உயரம். அந்தக் காலத்துல புழுதியில குதிர மேல போறவன் தூரத்துல இருந்து பாத்தாலே அடையாளம் தெரியணும்ல. இப்ப சண்டைக்குக் குதிரையெல்லாம் கெடையாது, டாங்க்கும் ஹெலிகாப்டரும்தான், ஆனா பேட்ச்ச மாத்தல, அது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.

இந்தப் பழக்கமே முதல் உலகப்போர்லதான் வந்துச்சு. 81வது டிவிஷன் ஆளுங்க சவுத் கரோலினால ட்ரெய்னிங் எடுத்துட்டு, காட்டுப்பூனை படத்த தோள்ல தச்சுக்கிட்டு பிரான்சுக்குப் போய் எறங்கிருக்காங்க. மத்த டிவிஷன்காரங்க இவங்களுக்கு மட்டும் என்ன தனியான்னு ஆட்சேபிச்சிருக்காங்க. கழட்டச் சொல்லிருவாங்கன்னுதான் யாரும் நெனப்போம், ஆனா அங்க அமெரிக்கப் படைக்குத் தலைவரா இருந்த ஜெனரல் பெர்ஷிங் 1918 அக்டோபர்ல அத அனுமதிச்சு மத்த டிவிஷனும் ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கங்கன்னுட்டாரு.

அதுல 45வது டிவிஷன் கதைய உனக்கு சொல்லியே ஆகணும். அவங்க மொத பேட்ச் என்ன தெரியுமா, ஸ்வஸ்திக். செவப்பு டைமண்டுல மஞ்ச ஸ்வஸ்திக், நம்ம கணக்கு நோட்டுல போடறமே அது மாதிரிதான். ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ ஆளுங்க அவங்க, அந்தப் பக்கத்துப் பழங்குடிகளுக்கும் அது நல்ல சகுனம். ஜெர்மனில ஹிட்லர் அத எடுத்துக்கிட்டதும் 1939ல இவங்க கழட்ட வேண்டியதாப் போச்சு, அதே செவப்பு மஞ்சள்ல இடிப்பறவைன்னு பழங்குடிகள் சொல்ற பறவைய போட்டுக்கிட்டாங்க. அந்தப் பறவைய தோள்ல வச்சுக்கிட்டு இவங்களும் வேற சில டிவிஷன்காரங்களும்தான் 1945 ஏப்ரல்ல நாஜிகளோட டாக்கவ் சித்திரவதை முகாமுக்குள்ள போய் அங்க மிச்சமிருந்த ஜனங்கள வெளிய கொண்டு வந்தாங்க. இதப் படிச்சிட்டு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல மாப்ள.

இப்ப வலது தோளுக்கு வரேன். கொடிக்குக் கீழ ஒரு இடம் வெறுமனே இருக்கு பாரு போட்டோல, வெல்க்ரோ மட்டும் தெரியும். அது சண்டை நடக்கற எடத்துக்குப் போய்ட்டு வந்தவனுக்கு. எந்த யூனிட்டோட போனானோ அந்த பேட்ச்ச அங்க போட்டுக்கலாம், அப்பறம் எந்த யூனிட்டுக்கு மாறினாலும் அது அவனோடயே இருக்கும். நாலஞ்சு தடவ போனவங்க அதுல எத வேணா எடுத்துப் போட்டுக்கலாம். இவன் சார்ஜென்ட்டுகள்ல ஈராக் போனவங்க ஆப்கானிஸ்தான் போனவங்க இருக்காங்க. இடதுல ஒரு படம் வலதுல ஒரு படம், பாத்தாலே இவங்க எங்க இருந்தவங்கன்னு தெரிஞ்சிடும், யாரும் வாயத் தொறந்து கேக்க வேண்டியதில்ல.

பெரியவனுக்கு அந்த எடம் காலியா இருக்கறது ஒரு குறை. அவன் மெடிக் வேற, காயம்பட்டவனுக்குப் போய்க் கட்டுப் போடணும்னுதானப்பா ட்ரெய்னிங் எடுத்தேன்னு சொல்றான், தப்பு சொல்ல முடியல. அவங்கம்மா தெனமும் வெளக்கு ஏத்தி அது அப்டியே காலியா இருக்கட்டும்னு வேண்டிக்கிறா. நானும் அதேதான், அவன்கிட்ட சொல்றதில்ல. கடையில காய் வாங்கப் போனா யூனிஃபார்ம்ல நிக்கற புள்ளைங்கள மொதல்ல வலது தோளத்தான் பாக்கறேன், இருவத்தி ரெண்டு வயசு இருக்குமான்னு தோணும், அதுல ஒரு பேட்ச் இருக்கும், அவங்க அப்பா அம்மா அந்த மாசமெல்லாம் எப்படித் தூங்கியிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்.

இன்னொண்ணு நீ கவனிச்சியா தெரியல, நெஞ்சுல இடது பக்கம் யூஎஸ் ஆர்மின்னு இருக்கும், வலது பக்கம் பேரு. இங்க கடைசிப் பேரத்தான் போடுவாங்க, நம்மாளுங்களுக்குக் கடைசிப் பேரு அப்பா பேருதான. அதனால அவன் நெஞ்சுல இருக்கறது என் பேரு, சார்ஜென்ட்டு அதட்டறதும் என் பேரச் சொல்லித்தான். மொத தடவ பாத்தப்ப அழுதுட்டேன்டா.

அவனுக்கு லீவு கெடச்சா பொங்கலுக்கு மதுரைக்கு வரோம், இன்னும் டிக்கெட் போடல. உன் பொண்ணு என்சிசி கேம்ப் போறான்னு எழுதியிருந்தியே, என்னென்ன கேக்கணுமோ எல்லாத்தையும் எழுதி வைக்கச் சொல்லு, அவன் ஒக்காந்து பொறுமையா சொல்லுவான். அம்மாவ ரொம்ப விசாரிச்சதா சொல்லு.

அன்புடன்
உன் பழைய பெஞ்ச்மேட்